ஹைபிரிட் பேட்டரி: சூடும் சார்ஜும் வண்டியின் ஓட்டத்தை எப்படி மாற்றுகின்றன

பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரை ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்: அதே வண்டி, அதே பாதை, காலையில் ஒரு மைலேஜ், உச்சி வெயிலில் வேறொரு மைலேஜ். பழியை ஏசி மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஏசிக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அந்த நிமிடத்தில் எத்தனை கிலோவாட் வாங்கவும் கொடுக்கவும் கணினி பேட்டரிக்கு அனுமதி தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த அனுமதியை முக்கியமாகத் தீர்மானிப்பவை பேட்டரியின் வெப்பமும் சார்ஜ் அளவும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வண்டி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பது பிடிபடும்.

இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரியில் 28 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மாடியூல்கள் (செல் தொகுப்புகள்), ஒவ்வொன்றிலும் 6 செல்கள். ஆக 168 செல், 201.6 வோல்ட், 6.5 ஆம்பியர் மணி, சுமார் 1.3 கிலோவாட் மணி. இதை வண்டி முழுசாகப் பயன்படுத்துவதே இல்லை. ஏறக்குறைய 40 முதல் 80 சதவீதம் வரைதான் புழக்கம். எப்போதும் 60-ஐ ஒட்டி வைத்திருக்கவே கணினி பார்க்கும். திரையில் சார்ஜைக் காட்டும் எட்டுக் கோடும் நிறைந்திருந்தால் அது 80 தான். எல்லாக் கோடும் போய்விட்டாலும் பேட்டரி காலியாகிவிடவில்லை.

வண்டியின் கணினித் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி, ஹைபிரிட்டுக்கென்று இருக்கும் செயலியைத் திறந்தால் வின், வவுட் என்று இரண்டு எண்கள் தெரியும். வின் என்பது பேட்டரி வாங்கக்கூடிய உச்சம், வவுட் கொடுக்கக்கூடிய உச்சம். இந்த வண்டியில் எல்லாம் சீராக இருக்கும்போது வாங்க 25 கிலோவாட், கொடுக்க 21 கிலோவாட் என்று நிற்கும். பேட்டரி மிகவும் சூடானாலும் மிகவும் குளிர்ந்தாலும் இரண்டும் சரியும். சார்ஜ் உச்சத்தை நெருங்கினால் வின் மட்டும் சரியும், அடிமட்டத்தை நெருங்கினால் வவுட். வின் குறைந்தால் பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்க வேண்டிய மின்சாரம் பிரேக் பேடில் வெப்பமாகப் போகும். வவுட் குறைந்தால் இன்ஜின் முன்னதாகவே எழுந்து கத்தும். மைலேஜ் ஓட்டை இந்த இரண்டு இடத்தில்தான்.

சூடு எங்கிருந்து வருகிறது? முக்கியமாக மின்னோட்டத்திலிருந்து. அதுவும் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. பேட்டரியின் மொத்த அகத்தடை 0.3 ஓம் என்று வைத்துக்கொண்டால், 50 ஆம்பியரில் 750 வாட் சூடு. 100 ஆம்பியரில் 3,000 வாட். சுமார் 100 ஆம்பியரில் 5 வினாடி பிரேக் பிடித்தால் 15 கிலோஜூல் வெப்பம் பேட்டரிக்குள்ளேயே தங்குகிறது. அதே மின்னூட்டத்தை 50 ஆம்பியரில் 10 வினாடிக்கு நீட்டினால் ஏழரை கிலோஜூல்தான். சிக்னலைத் தொலைவிலேயே பார்த்து மெதுவாகப் பிரேக்கை அழுத்தச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு. நிக்கல் பேட்டரிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: சார்ஜ் நிறையும் தறுவாயில், உள்ளே போகும் மின்சாரத்தில் ஒரு பங்கு சேமிப்பாகாமல் வெப்பமாகவே மாறும். சூடான பேட்டரியை 80-லேயே நிறுத்தி வைப்பது இரட்டைச் சுமை.

இன்ஜினை எழுப்பாமல், பேட்டரியில் மட்டும் ஓடவைக்கும் இவி பட்டனை அழுத்தி அழுத்தி ஓட்டும் பழக்கத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அந்த மின்சாரமும் கடைசியில் பெட்ரோலிலிருந்து வந்ததுதான்; பேட்டரிக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் ஒரு பங்கு சூடாகிக் கழிகிறது. இன்ஜினை அளவான பாரத்தில் ஓடவிட்டு, வேகம் வந்ததும் காலைத் தளர்த்துவதே மேல்.

குளிர்விப்பைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். எங்களைக் கேட்டால், ஹைபிரிட் பராமரிப்பில் முதலிடம் இதற்குத்தான். இந்த வகைப் பேட்டரி, காருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. உறிஞ்சும் வென்ட் பின்சீட்டின் பக்கவாட்டில் இருக்கும்; பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் உள்ள புதிய மாடல்களில் சீட்டின் கீழ்ப்பகுதியில். அதன் மேல் ஒரு பையோ துண்டோ கிடந்தால் போதும், பேட்டரிக்கு மூச்சு முட்டும். வெயிலில் நின்ற காரின் உள்காற்று 50 டிகிரிக்கு மேல் இருக்கும்போது ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. முதலில் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றுங்கள், பிறகு ஏசி. பின்சீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் குளிர்காற்று அங்கே போக வேண்டும்.

பின்னாலிருந்து ஃபேன் இரைச்சல் முன்பைவிட அடிக்கடி கேட்டால் தூசி அடைத்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். வென்ட்டில் ஃபில்டர் இருந்தால் வேக்குவம் வைத்து உறிஞ்சிச் சுத்தம் செய்யலாம். பழைய மாடல்களில் ஃபில்டர் கிடையாது. துணி நூலும் செல்லப்பிராணிகளின் முடியும் நேராக ஃபேனின் இறகுகளில் போய் ஒட்டும். ஃபேனைக் கழற்றிப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வென்ட் வழியாக ஏர் கம்ப்ரசரை வைத்து ஊதவே கூடாது. தூசி மாடியூல்களுக்கு நடுவே போய் அடைந்துவிடும். அடுக்கின் நடுவில் உள்ள மாடியூல்கள்தான் அதிகம் சூடாகும், பெரும்பாலும் முதலில் சாவதும் அவைதான்.

இறக்கத்துக்கு வருவோம். நீண்ட மலைப்பாதையில் இறங்கும்போது சார்ஜ் மளமளவென்று ஏறி உச்சத்தைத் தொட்டதும் வின் கிட்டத்தட்டப் பூஜ்யமாகிவிடும். அப்போது பெட்ரோல் செலவாகாமலே இன்ஜின் வேகமாகச் சுற்றி இரையும். உபரி மின்சாரத்தைக் கழிக்க ஜெனரேட்டர் இன்ஜினைச் சுழற்றுகிறது. இது கோளாறு இல்லை. சிறிய இறக்கத்துக்கு வழக்கமாக ஓட்டும் டி நிலையே போதும். கிலோமீட்டர் கணக்கில் நீளும் இறக்கத்தில், கோடுகள் நிறையும் முன்பே, இன்ஜினின் இழுவையால் வேகத்தைக் குறைக்கும் பி நிலைக்குக் கியரை மாற்றுங்கள். பேட்டரியும் பிரேக்கும் ஒருசேரச் சூடாகாமல் இருக்கும்.

போக்குவரத்து நெரிசலில் நியூட்ரலில் நிற்க வேண்டாம். நியூட்ரலில் இன்ஜின் ஓடினாலும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. ஏசி மட்டும் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

கடுங்குளிரில் வின், வவுட் இரண்டும் சுருங்கி, ஓட்டத்தில் சூடு ஏறியதும் தானாக மீளும். லித்தியம் வண்டிகளில் மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் செல்லின் எதிர்முனையான ஆனோடில் லித்தியம் உலோகமாகப் படியும், அந்தக் கொள்ளளவு திரும்பாது. அதனால்தான் குளிரில் கணினி கஞ்சத்தனம் காட்டுகிறது. வெளி மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் சார்ஜ் முடியும் நேரத்தைக் கிளம்பும் நேரத்தை ஒட்டி அமைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த சார்ஜோடு வெயிலில் நாள் முழுக்க நிற்பது லித்தியத்துக்கு ஆகாது.

பேட்டரி தளர்கிறது என்பதற்கு நம்பகமான அறிகுறி, கோடுகள் சில நிமிடங்களுக்குள் மூன்றிலிருந்து எட்டுக்குத் தாவுவதும் அதே வேகத்தில் விழுவதும். செயலியில் 14 பிளாக்குகளின் வோல்டேஜைப் பாருங்கள். இரண்டு மாடியூல் சேர்ந்தது ஒரு பிளாக்: 12 செல், 14.4 வோல்ட். நல்ல பாரத்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 1.2 வோல்ட் அளவு தாழ்ந்தால் ஒரு செல் போய்விட்டது என்று பொருள். பேட்டரி மோசம் என்று கணினி காட்டும் பி0ஏ80 பழுதுக் குறியீடு வரும் முன்பே இது தெரிந்துவிடும்.

கெட்ட மாடியூலை மட்டும் மாற்றும் வேலை அதிக நாள் தாங்குவதில்லை. மிச்சமுள்ளவையும் அதே சூட்டில் முதிர்ந்தவை, புதிதாக வந்ததன் கொள்ளளவும் அவற்றோடு ஒத்துப்போகாது. செய்தே ஆக வேண்டுமென்றால் உயர் மின்னழுத்தப் பயிற்சி உள்ளவரிடமே கொடுங்கள்: பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் ஆரஞ்சு சர்வீஸ் பிளக்கை எடுத்து, கெப்பாசிட்டர் வடியப் பத்து நிமிடம் காத்திருந்து, 1,000 வோல்ட் கையுறையோடுதான் திறக்க வேண்டும். மாடியூல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரில் பிடித்த பச்சைக் களிம்பை முழுசாக நீக்கி, நட்டுகளை, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 5.4 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் முறுக்கச் சொல்லுங்கள். தளர்வாக விட்டால் இணைப்பே சூடாகும். கூடுதலாக முறுக்கினால் முனை உடைந்து நல்ல மாடியூலும் வீணாகும்.