ஃபால்ஸ் சீலிங்கா, ஜன்னலா? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு

ஹாலில் ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பலரும் ஃபால்ஸ் சீலிங், அதாவது தளத்துக்குக் கீழே ஜிப்சம் போர்டில் தொங்கவிடும் இரண்டாவது கூரை, பக்கம் போகிறார்கள். களைத்து வரும் மூளை தேறவேண்டும் என்பதே நோக்கமென்றால், வெளியே பசுமை தெரியும்படி ஜன்னலைச் சரிசெய்வதைத்தான் நாங்கள் சொல்வோம்.

சுற்றுச்சூழல் மனதை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்த ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை முடிந்த 23 பேருக்கு ஜன்னலில் மரம் தெரிந்தது, 23 பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. உளவியலாளர்கள் ரேச்சல், ஸ்டீபன் கப்லான் இருவரும் சொல்லும் காரணம்: கணக்கிலும் ஃபோனிலும் வலிந்து செலுத்தும் கவனம் சோர்ந்துபோகும், ஆடும் இலையை மெனக்கெடாமல் பார்க்கலாம், அந்த நேரத்தில் சோர்ந்த கவனம் தேறிக்கொள்ளும்.

ஃபால்ஸ் சீலிங்கோ 10 அடி உயர ஹாலில் 6 முதல் 8 அங்குலத்தை விழுங்கிவிடும். மூளை ஆய்வாளர் ஓஷின் வர்த்தானியன் குழுவின் 2015 ஆய்வில், உயரமான அறைகளையே மக்கள் அதிகம் அழகென்றார்கள்; இடத்தைக் கண்ணால் துழாவும் மூளைப்பகுதிகளும் அப்போது கூடுதலாக இயங்கின. அந்த உயரத்தைக் காசு கொடுத்துக் குறைப்பானேன்? ஐப்பசி மழையில் தளம் கசிந்தால் ஜிப்சம் போர்டு ஊறித் தொங்கும். போர்டைத் தாங்கும் ஜிஐ சேனலை (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) வெட்டிய முனையில் துத்தநாகப் பூச்சு இருக்காது. உப்புக்காற்று அங்கேதான் துருவைத் தொடங்கும். சீலிங் ஓரத்தில் மறைத்து வைக்கும் கோவ் லைட்டில் 6500 கெல்வின் என்ற நீலம் கலந்த வெள்ளை போட்டால் அதன் நீல ஒளி இரவில் தூக்க ஹார்மோனான மெலடோனினை அடக்கும். மஞ்சள் சாயலான 2700 கெல்வின் போதும்.

ஜன்னலில் கவனிக்கவேண்டியது கண்மட்டம். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் 4 அடியில் இருக்கும். கிரில்லின் குறுக்குப்பட்டை அங்கே வரக்கூடாது. கொசுவலை கருப்பாக இருக்கட்டும். வெள்ளை வலை வெயிலில் பளிச்சிட்டு வெளிக்காட்சியை மறைத்துவிடும். கடலோரத்தில் ஃபைபர் வலை துருப்பிடிக்காது, ஆனால் உப்பும் தூசியும் வலையின் துளைகளை அடைக்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மேற்கு ஜன்னலுக்கு மூங்கில் தட்டியை வெளிப்பக்கம் கட்டவேண்டும். உள்ளே திரை போட்டால் சூடு கண்ணாடியைத் தாண்டி வந்தபிறகுதான் தடுக்கும்.

புதுச்சேரி லாஸ்பேட்டை ஃப்ளாட்டுகளில் எதிரே பக்கத்து வீட்டுச் சுவர்தான் என்றால், கிரில்லுக்குள் அதே கண்மட்டத்தில் மணிபிளான்ட்டைப் படரவிடலாம். தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரை வாரம் இருமுறை கொட்டாவிட்டால் டெங்கு கொசு முட்டையிடும்.

மேல்மாடிச் சூட்டுக்காகத்தான் சீலிங் கேட்கிறீர்கள் என்றால், முதலில் மொட்டைமாடிக்கு வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடித்துப் பாருங்கள்.