ஸ்பானிஷ் செயலி: எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது, அந்த வொசோத்ரோஸைத் தவிர

ஸ்பானிஷ் கற்றுத்தரும் அந்தச் செயலியின் ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். தொடக்கநிலையை முடித்து இன்னும் பயிற்சி செய்துகொண்டிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வினைச்சொல் பயிற்சி அருமை. 'பேசுகிறேன்' என்றாலே பேசுவது நான்தான் என்று தெரிந்துவிடுகிறதே, ஸ்பானிஷிலும் அப்படித்தான். ஆப்லோ என்றால் நான் பேசுகிறேன், ஆப்லாஸ் என்றால் நீ, ஆப்லாமோஸ் என்றால் நாங்கள். முன்னால் 'யோ' (நான்) தேவையில்லை; போட்டால் 'நானாக்கும்' என்று அழுத்திச் சொன்ன மாதிரி ஆகிவிடும். யோவை விட்டுவிட்டு எழுதினாலும் செயலி சரி என்றே ஏற்கிறது. மரியாதையாக ஒருவரை அழைக்கும் உஸ்தெத்துக்குப் படர்க்கை வினை (உஸ்தெத் ஆப்லா) வருவதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். எதிரில் நிற்பவரிடமே "ஐயா சாப்பிட்டாரா?" என்று கேட்டுப் பழகியவனுக்கு அதில் என்ன குழப்பம்? 'இரு' என்பதற்கு ஸ்பானிஷில் உள்ள இரண்டு வினைகளான 'சேர்', 'எஸ்தார்' பற்றிய பாடங்களும் பரவாயில்லை.

வொசோத்ரோஸ்தான் உயிரை வாங்குகிறது. நெருங்கிய பலரைப் பார்த்து 'நீங்களெல்லாம்' என்று சொல்ல ஸ்பெயினில் இதுதான் வழக்கம்: ஆப்லாய்ஸ் (பேசுகிறீர்கள்), கோமேய்ஸ் (சாப்பிடுகிறீர்கள்), விவீஸ் (வாழ்கிறீர்கள்). நான் வேலைக்காகப் பேசுவதோ மெக்சிகோக்காரர்களோடு. அங்கே கூட்டாளிகளானாலும் மேலதிகாரிகளானாலும் 'உஸ்தேதேஸ் ஆப்லான்' (உஸ்தெத்தின் பன்மை), அவ்வளவுதான். அமைப்புகளில் லத்தீன் அமெரிக்கா என்று தேர்ந்தெடுத்தும் குரல்தான் மாறியது, கேள்விகள் மாறவில்லை. ஒவ்வொரு தேர்விலும் ஆப்லாய்ஸ் வந்து நிற்கிறது. புகார் அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

சரி, ஸ்பெயின் நாட்டுப் படம் பார்க்க, புத்தகம் படிக்க உதவும் என்று சமாதானம் சொல்லலாம். நியாயம்தான். அப்படியானால் அர்ஜென்டினாவின் 'வோஸ்' எங்கே போயிற்று? நாலு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் நாடு. 'நீ' என்பதற்கு அங்கே 'தூ' கிடையாது, வோஸ்தான். 'தூ எரெஸ்' (நீ இருக்கிறாய்) என்று நாம் மனப்பாடம் செய்ததை அவர்கள் 'வோஸ் சோஸ்' என்பார்கள். இதற்கு ஒரு வரிகூட இல்லை. எல்லா வடிவமும் தெரியட்டும் என்பதுதான் கொள்கை என்றால் இதையும் சேர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் வொசோத்ரோஸை அணைக்க ஒரு பொத்தானாவது வைத்திருக்கலாம்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். நான் நேற்றே பாதி விலையில் புதுப்பித்துவிட்டேன், அது வேறு விஷயம்.