குப்பம் பக்கத்து விவசாயிகளே, "உங்க நிலத்துல தங்கம் இருக்கு" என்று மெஷினோடு வந்தால் நம்பாதீர்கள்

1,40,000 ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம். ஒரே வாரத்தில் போய்விட்டது.

போர்வெல்லுக்கு நீரோட்டம் பார்க்கத்தான் அந்த சர்வே கம்பெனியைக் கூப்பிட்டேன். நாலு கம்பியை வரிசையாக அடித்து, மண் காய்ந்திருக்கிறதென்று உப்புத்தண்ணீர் ஊற்றி, கரண்ட் விட்டு அளந்தார்கள். முன்பணம் கேட்கவே இல்லை. "முதல்ல ரிசல்ட்டைப் பாருங்கண்ணே, அப்புறம் கொடுங்க" என்றான் அந்தப் பையன். அங்கேதான் நம்பிவிட்டேன். என் மனைவி கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். நீலத்துக்கு நடுவே சிவப்பாக ஒரு திட்டு. "தண்ணியை விடுங்கண்ணே. சிகர்குண்டா சுரங்கத்து ரேகை உங்க நிலத்து வழியாத்தான் போகுது. 300 அடியில தங்கம்." சிகர்குண்டா நாங்கள் பார்க்கத் தங்கம் எடுத்த ஊர். நம்பாமல் எப்படி இருப்பேன்? அன்றே 40,000 கொடுத்தேன். 'பெரிய மெஷின்' கொண்டுவர என்று இரண்டு நாள் கழித்து 1,00,000.

மெஷின் வரவே இல்லை. போன் செய்தால் "சார் ஃபீல்டுல இருக்கார்". மறுநாள் "ரிப்போர்ட் லேப்ல இருக்கு". அப்புறம் "சர்வே ஃபீஸ் திரும்ப வராதுண்ணே, ரசீதைப் படிங்க". இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.

என் மாமா, கோலார் தங்கவயல் 2001இல் மூடும்வரை அங்கே சர்வே பிரிவில் இருந்தவர். அவர்கள் கொடுத்த காகிதத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "டன் பாறைக்கு சில கிராம் தங்கம்டா, அது கரண்ட்ல எப்படித் தெரியும்?" தங்கத்தோடு சேர்ந்து கிடக்கும் பைரைட் போன்ற சல்ஃபைடு (கந்தகம் சேர்ந்த) கனிமங்களைத்தான் இந்த முறையில் தேடுவார்களாம். கரண்டை நிறுத்தியதும் மின்னழுத்தம் சட்டென்று விழாமல் மெல்ல இறங்கினால் சல்ஃபைடு இருக்கலாம். கிராஃபைட்டும், சில களிமண்ணும்கூட அப்படியே காட்டும். துளை போட்டுப் பாறையை எடுத்து லேபில் சோதித்தால்தான் தங்கமா என்று தெரியும். கம்பி வரிசை எவ்வளவு நீளமோ அதைப் பொறுத்துத்தான் ஆழம் தெரியுமாம். இவர்கள் கம்பி நட்டதோ மொத்தம் 40 மீட்டர். அதில் 30, 40 அடி ஆழம் தெரிந்தாலே அதிகம் என்கிறார். 300 அடி என்றது பச்சைப் பொய்!

சரி, அவசரமாகச் சொல்கிறேன். சிவப்பைக் காட்டினால் மயங்காதீர்கள், நிறம் அவர்கள் சாஃப்ட்வேரில் வைப்பதுதான். கம்பி வரிசையை அளந்து பாருங்கள். 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி தங்கம் தேட உரிமம் வேண்டும், அதைக் கேளுங்கள். ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள், நான் படிக்கவில்லை.

1,40,000 ரூபாய். நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். உங்களிடமும் இப்படி வாங்கியிருந்தால் ரசீதோடு வாருங்கள்.