ஒளித்த காதலுக்குக் குறும்படமா, கூத்தா?

மட்டக்களப்பில் ஒரு கூத்துக் கலைஞரின் ஒளித்த காதலைச் சொல்ல நினைக்கிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு: படத்துக்குக் கமெரா, ஒலி, எடிட்டிங். கூத்துக்கு உடுப்பும் ஒத்திகைத் தேத்தண்ணியும்.

நெருக்கம்: இங்கேதான் படம் வெல்லும். சலங்கை கட்டும் விரல் நடுங்குவதைக் கமெரா கிட்டப் போய்ப் பிடிக்கும். கூத்தாடும் வட்ட மேடையான வட்டக்களரியில் சனம் சுற்றிவர இருக்கும்; முணுமுணுப்பு எடுபடாது. அதில் பாதிப்பேர் சொந்தக்காரர் வேறு!

இலகு: கல்லடிப் பாலத்தில் எடுத்தால் காற்று வசனத்தைத் தின்றுவிடும். கூத்துக்கோ மாதக்கணக்கில் பழக வேண்டும்.

வாய்விட்டுச் சொல்லாத காதலென்றால் படம்தான். கூத்துப் பழக்கும் நல்ல அண்ணாவியாரும் மத்தளமும் கிடைத்து, ஏக்கத்தைப் பாட்டாகவே கொட்டலாம் என்றால் கூத்து. அதிலும் கூத்தின் இரண்டு பாணிகளில் போர்க்கதைக்கு ஏற்ற வடமோடி வேண்டாம், காதல் கதைக்கு ஏற்ற தென்மோடி.