பயணத்துக்குக் காணொளி சுருக்க எந்தக் கணினி?

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்கொயரில் கணினிக் கடைக்குள் நுழைந்தால் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் வரும். எவ்வளவு செலவழிக்க நினைக்கிறீர்கள்? விளையாட்டுக்கா, அலுவலக வேலைக்கா? காணொளிகளைச் சுருக்கிக் கைக்கணினியில் (டேப்லெட்) ஏற்றி, திருச்சி விமானத்திலோ கோலாலம்பூர் பேருந்திலோ பார்க்க விரும்பும் குடும்பத்துக்கு இந்தக் கேள்விகளால் பயனில்லை. உங்களிடம் இருக்கும் காணொளிகள் எதில் எடுக்கப்பட்டவை என்று யாராவது முதலில் கேட்க வேண்டும். எல்லாமே கைப்பேசியில் எடுத்தவை என்றால் ஒரு வகைக் கணினி போதும். அலமாரியில் பழைய கல்யாண டிவிடிகளும் ஒளிநாடாக்களும் இருந்தால் தேவை வேறு.

நான்கு வகைகளை எடுத்துக்கொள்கிறேன். ஆப்பிளின் எம்4 மேக் மினி, இன்டெல் என்100 பிராசசர் உள்ள உள்ளங்கை அளவு மினி கணினி, அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டு விற்கும் மேசைக் கணினி, தனி கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய டவர் கணினி.

முதலில் ஒரு கணக்கு. ஐஃபோனில் 4கே தரத்தில், நொடிக்கு 60 பிரேம் வேகத்தில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி ஆகும். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும் காவடி ஊர்வலத்தில் ஒரு மணி நேரத்தைப் பதிவு செய்திருந்தால், அது மட்டும் 24 ஜிபி. பாட்டியின் 64 ஜிபி கைக்கணினியில் அப்படி மூன்று மணி நேரத்துக்குக்கூட இடம் இராது. அதையே 720பி அளவுக்கு இறக்கி, நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரக் காணொளி ஒலியோடு சேர்த்து 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். மயிலிறகும் கூட்ட நெரிசலும் நிறைந்த காவடிக் காட்சிகளுக்கு 3 மெகாபிட் கொடுப்பது நல்லது. நுணுக்கமும் அசைவும் கூடக்கூட, சுருக்கும்போது படம் கட்டம் கட்டமாகச் சிதறும்.

இந்த வேலையைக் கணினி இரண்டு வழிகளில் செய்யலாம். பிராசசரின் பொதுக் கோர்கள், அதாவது எல்லா வேலைகளையும் செய்யும் கணக்கிடும் பகுதிகள், ஒவ்வொரு பிரேமையும் நிதானமாக அலசிச் சுருக்குவது ஒரு வழி. காணொளிக்கென்றே சிப்புக்குள் அமைந்திருக்கும் தனிப் பகுதியிடம் ஒப்படைப்பது இன்னொரு வழி. இன்டெல் 2011 முதல் அதைக் குவிக் சிங்க் என்ற பெயரில் தருகிறது. என்விடியா கார்டுகளில் 2012 முதல் என்வென்க் இருக்கிறது. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளிலும் அத்தகைய பகுதி உண்டு. தனிப் பகுதி பல மடங்கு விரைவாக முடிக்கும். அதே கோப்பளவில் தரம் சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனால் பத்து அங்குலத் திரையில் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம்.

மென்பொருளுக்காக எந்தப் பக்கமும் சாய வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற சுருக்கும் மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் தர எண்ணைக் குறைத்தால் படம் தெளிவாகும்; மேக்கின் தனிப் பகுதியைப் பயன்படுத்தும்போது எண்ணைக் கூட்டினால்தான் தெளிவாகும். விண்டோஸ் பழக்கத்தில் மேக்குக்கு மாறுபவர்கள் இங்கே தடுமாறக்கூடும்.

கைப்பேசிக் காணொளிகள் மட்டும் உள்ள வீட்டுக்கு நான் என்100 பெட்டியையே பரிந்துரைப்பேன். 2023இல் வந்த இந்தச் சிப்பில் நான்கு சிறு கோர்கள்தான். வெளியிடும் வெப்பத்துக்கு இன்டெல் சொல்லும் கணக்கு வெறும் 6 வாட். பொதுக் கோர்களை நம்பினால் இது திணறும். ஆனால் இதிலுள்ள குவிக் சிங்க் பகுதி, எச்.264, எச்இவிசி என்ற இரண்டு காணொளிச் சுருக்க வடிவங்களையும் நன்றாகக் கையாளும். இரவு உணவுக்குப் பிறகு வரிசையில் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் கோப்புகள் தயாராக இருக்கும். படுக்கையறை ஓரத்தில் வைத்தாலும் யார் தூக்கத்தையும் கெடுக்காது. பயணத்துக்கு முந்தைய இரவு வரை காத்திருக்காத குடும்பத்துக்கு இதைவிட அதிகம் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

எம்4 மேக் மினி வேறு தரத்திலான பெட்டி. 2024இல் வந்தது; 12.7 சென்டிமீட்டர் சதுரம், 10 கோர்கள், குறைந்தபட்ச நினைவகமே 16 ஜிபி. தனிப் பகுதியும் வேகம், பொதுக் கோர்களும் வேகம். என்100 பெட்டி இரவு முழுதும் செய்வதை இது மாலைத் தேநீருக்கும் இரவு உணவுக்கும் இடையில் முடித்துவிடக்கூடும். குறைகளும் உண்டு. அடிப்படை வகையில் சேமிப்பிடம் 256 ஜிபி மட்டுமே. மேலே பார்த்த கணக்கின்படி, ஒரு விடுமுறைக் காலத்துக் காணொளிகளே அதை நிரப்பிவிடும். ஆப்பிளிடமே கூடுதல் சேமிப்பிடம் கேட்டால் விலை கடுமையாக ஏறும். வெளியிலிருந்து ஒரு எஸ்எஸ்டி வாங்கிச் செருகுவதே புத்திசாலித்தனம். வழக்கமான அகல யூஎஸ்பி துளை ஒன்றுகூட இதில் இல்லை. எல்லாம் யூஎஸ்பி-சி. உறவினர் கொண்டுவரும் பென் டிரைவைச் செருக ஓர் இணைப்பானும் வாங்க வேண்டும்.

பழைய பதிவுகள் உள்ள வீடுகளுக்கு இப்போது வருகிறேன். இந்தத் தேர்வில் எனக்கு அக்கறை அதிகம் உள்ள இடம் இதுதான்.

இரண்டாயிரங்களில் நடந்த கல்யாணங்களும் காதணி விழாக்களும் நம் வீடுகளில் டிவிடியாகவோ மினிடிவி (MiniDV) என்ற சிறு டிஜிட்டல் ஒளிநாடாவாகவோதான் இருக்கின்றன. இங்கும் தமிழகத்திலும் பழக்கத்தில் இருந்த பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் அவை 720க்கு 576 புள்ளிகள் கொண்டவை. ஒவ்வொரு பிரேமும் ஒற்றை வரிகள் ஒரு நொடித்துளியிலும் இரட்டை வரிகள் அடுத்த துளியிலும் என்று இரண்டு பாதியாகப் பதிந்திருக்கும். பழைய டிவியில் அது தெரியாது. கைக்கணினியில் அப்படியே போட்டால், மணமகள் கையை அசைக்கும்போதெல்லாம் விரல் ஓரங்களில் சீப்புப் பல் போல வரிகள் தெரியும். அந்த இரு பாதிகளையும் சரியாக இணைக்க வேண்டும். மங்கலான மண்டப வெளிச்சத்தில் எடுத்த படத்தின் புள்ளி இரைச்சலையும் நீக்க வேண்டும். இந்தத் துப்புரவு பெரும்பாலும் பொதுக் கோர்களின் தலையில்தான் விழுகிறது. இரைச்சல் நீக்கும் வடிகட்டியைத் தீவிரமாக வைத்தால் என்100 பெட்டி நத்தை வேகத்துக்கு இறங்கிவிடும். சுருக்கும் பகுதி எவ்வளவு விரைவாக இருந்தாலும், பிரேம்கள் துப்புரவாகி வந்து சேரும்வரை அது காத்திருக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் மேக் மினியா? கோப்பு ஏற்கெனவே கணினியில் இருந்தால், ஆம். ஆனால் டிவிடி இயக்கி அதில் இல்லை. வெளியே ஒன்று இணைக்க வேண்டும். மினிடிவி நாடாவின் நிலை இன்னும் கடினம். அந்தக் கேமராக்களிலிருந்து படத்தைத் தரம் குறையாமல் எடுக்க ஃபயர்வயர் என்ற பழைய வகைக் கம்பி இணைப்பு தேவை. ஆப்பிள் 2025இல் வெளியிட்ட மேக் இயங்குதளத்திலிருந்து அந்த ஆதரவை நீக்கிவிட்டது.

இங்கேதான் அலுவலகங்கள் கழித்துவிட்ட மேசைக் கணினி முன்னுக்கு வருகிறது. கரோசல் இணையச் சந்தையிலும் பழைய பொருள் கடைகளிலும் இவை குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பெட்டிக்குள் பெரும்பாலும் ஃபயர்வயர் கார்டு செருக இடம் உண்டு; பலவற்றில் டிவிடி இயக்கியும் உள்ளேயே இருக்கும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் வாங்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. எட்டாம் தலைமுறை ஐ5 மேசைக் கணினிகளில் ஆறு கோர்கள் இருக்கின்றன. துப்புரவு வேலைக்கு என்100இன் நான்கு சிறு கோர்களைவிட அவை மேல், மேக் மினியைவிடக் கீழ்.

டவர் கணினியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. என்விடியாவின் 40 வரிசைக் கார்டுகள் ஏவி1 என்ற புதிய சுருக்க வடிவத்திலும் சுருக்கும் என்று கடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். அப்பாவின் பழைய ஆண்ட்ராய்ட் கைப்பேசியில் அந்தக் கோப்பு சீராக ஓடுமா என்பதே சந்தேகம். பயணத்துக்கு நான் நம்புவது 2003இல் வந்த எச்.264தான், அது ஓடாத கருவியை இன்று காண்பது அரிது. பிள்ளைகள் விளையாடவும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள் என்றால் டவர் சரி. காணொளிக்காக மட்டும் என்றால் வீண் செலவு.

மின்கட்டணத்தைக் காட்டிப் பயமுறுத்துவதையும் நான் ஏற்கவில்லை. 300 வாட் இழுக்கும் டவர் ஐந்து மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று கொண்டால் அரை வெள்ளிகூட ஆகாது. தொல்லை தருவது வெப்பம். குளிர்சாதனம் போடாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி அறையில், சன்னலும் சாத்தியிருக்கும் இரவில், அந்த 300 வாட்டும் சூடாக அறைக்குள்தான் தங்கும். எம்4 மேக் மினி முழு வேகத்தில் ஓடினாலும் 65 வாட்டைத் தாண்டாது.

இணைய ஒளிபரப்புச் சேவைகளிலிருந்து இறக்கிய படங்களுக்கு இந்த நான்கில் எதுவும் உதவாது. அவை பூட்டப்பட்ட கோப்புகள். அந்தப் பூட்டை உடைப்பதை சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் தடுக்கிறது. அந்தந்தச் செயலியிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

ஆக, கைப்பேசிக் காணொளிக்கு என்100; அவசரமும் பணமும் உள்ளவருக்கு மேக் மினி; நாடாக்கள் உள்ளவருக்குப் பழைய மேசைக் கணினி. காலப்போக்கில் இரண்டு வாங்க முடியும், ஆனால் இப்போதைக்கு ஒன்றுதான் என்றால், நாடா உள்ள வீட்டார் மேசைக் கணினியை முதலில் வாங்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். ஒரு மணி நேர மினிடிவி நாடாவைக் கணினிக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். எந்தச் சிப்பும் அதை விரைவாக்க முடியாது. ஒவ்வொன்றும் சுமார் 13 ஜிபி. அவற்றை ஓட்டும் கேமராக்கள் புதிதாகத் தயாராவதில்லை. பட்டை தேய்ந்து, பொத்தான் செயலிழந்து ஒவ்வொன்றாக ஓய்ந்துவருகின்றன. கேமரா ஓடும்போதே எல்லா நாடாக்களையும் சுருக்காமல் அப்படியே ஒரு வன்தட்டில் இறக்கி வையுங்கள். சுருக்குவதை அடுத்த ஆண்டு வாங்கும் கணினியிலும் செய்துகொள்ளலாம்.