அடிக்குறிப்புக்கு மட்டுமல்ல: நடைமுறை இறையியல் ஆய்வுக்கு ஜோட்டெரோ

நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்துவைத்து அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் அமைத்துத் தரும் மென்பொருள் ஜோட்டெரோ (Zotero). அதை நிறுவும் போதகர்களில் பலர் அடிக்குறிப்புத் தொல்லை தீர்ந்தால் போதும் என்றுதான் நிறுவுகிறார்கள். அது தீரும். ஆனால் டி.மின். (ஊழியத் துறை முனைவர் பட்டம்) அல்லது பிஎச்.டி. ஆய்வுக்கான முன்வரைவு எழுதுவதற்கு முந்தைய மாதங்களில் இந்த இலவச மென்பொருள் செய்யும் உதவி அதைவிடப் பெரியது. நம் வாசிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கண்ணுக்கு நேரே காட்டிவிடும்.

அமெரிக்க இறையியலாளர் ரிச்சர்ட் ஆஸ்மர் 2008-ல் வெளியிட்ட அறிமுக நூலில் நடைமுறை இறையியலின் பணியை நான்கு கேள்விகளாகப் பிரித்தார்: என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், நாம் என்ன செய்வது. துக்க வீட்டு ஜெபம் பற்றி ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் யார் பேசுகிறார்கள், யார் வாயே திறப்பதில்லை என்று பார்ப்பது முதல் கேள்வி. இழப்பு குறித்த உளவியலும் சமூகவியலும் இரண்டாவது. 1 தெசலோனிக்கேயர் 4:13 மூன்றாவதில் வரும். ஜெப ஒழுங்கை எப்படி மாற்றுவது என்பது நான்காவது.

ஜோட்டெரோவில் 'நிகழ்வு', 'காரணம்', 'நெறி', 'செயல்' என்று நான்கு குறிச்சொற்களை உருவாக்குங்கள். இடப்பக்கம் கீழே உள்ள குறிச்சொல் பெட்டியில் ஒவ்வொன்றையும் ரைட் கிளிக் செய்து நிறம் கொடுத்தால், 1 முதல் 4 வரை எண் விசைகள் அவற்றுக்கு அமைந்துவிடும். ஒரு கட்டுரையைத் தேர்ந்து 3-ஐ அழுத்தினால் 'நெறி' ஏறும், மறுபடி அழுத்தினால் இறங்கும். ஒரே கட்டுரைக்கு இரண்டு நிறம் இருந்தாலும் தவறில்லை. ஐம்பது அறுபது பதிவுகள் சேர்ந்ததும் ஒவ்வொரு நிறமாகச் சொடுக்கி எண்ணிப் பாருங்கள். பிரசங்க பீடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களிடம் 'நெறி' குவிந்திருக்கும், 'நிகழ்வு' கிட்டத்தட்ட காலியாக இருக்கும். அந்தக் குவியலை வைத்து முன்வரைவு எழுதினால், சபையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு பக்கம்கூடத் தேறாது. நெறியாளர் கேட்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது எத்தனையோ வாரங்களை மிச்சப்படுத்தும்.

இதையே கோப்புறைகளாகப் பிரிக்க வேண்டாம். கோப்புறைகளை அத்தியாயங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பதிவு பல கோப்புறைகளில் இருக்கலாம், நகல் ஆகாது. புதியவர்கள் தவறுவது நீக்கும்போதுதான்: கோப்புறையிலிருந்து மட்டும் எடுப்பது வேறு, குப்பைக்கு அனுப்புவது வேறு. குப்பைக்கு அனுப்பினால் எல்லாக் கோப்புறைகளிலிருந்தும் போய்விடும்.

தமிழ் நூல்களுக்குக் கொஞ்சம் கையால் உழைக்க வேண்டும். மந்திரக்கோல் பொத்தானில் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்தால் ஆங்கில நூல்களின் விவரம் பெரும்பாலும் வந்துவிடும். பழைய கிறிஸ்தவ இலக்கியச் சங்க வெளியீடுகளுக்கு அந்த எண்ணே இருக்காது, தலைப்புப் பக்கத்தைப் பார்த்துத் தட்டச்ச வேண்டியதுதான். பெயர்களில் இன்னும் கவனம் தேவை. ஜோட்டெரோ பெயரைக் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டாக உடைக்கும். எச். ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு 'கிருஷ்ணபிள்ளை' முதல் கட்டத்திலும் தலைப்பெழுத்துகள் இரண்டாவதிலும் போக வேண்டும். உடைக்கக் கூடாத பெயருக்குப் பக்கத்திலுள்ள சிறு குறியைச் சொடுக்கி ஒற்றைக் கட்டமாக மாற்றுங்கள். தலித் இறையியலாளர் தியாபிலஸ் அப்பாவு 'பரட்டை' என்ற பெயரிலும் அறியப்பட்டவர். மென்பொருளுக்கு அது இரண்டு ஆள். எந்தப் பெயரில் பட்டியலிடுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டால் நூற்பட்டியலில் அவர் இரண்டாகப் பிரிய மாட்டார்.

பி.டி.எஃப். வாசிப்பான் உள்ளேயே இருக்கிறது. கோடிட்ட வரிகளை ஓரிரு சொடுக்கில் குறிப்பாக மாற்றித் தரும். ஆனால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த தமிழ்க் கோப்பில் கோடிட்டால் குறிப்பில் புரியாத எழுத்துகளே வந்து விழும். ஸ்கேன் செய்த பக்கங்களில் கோடிட எழுத்தே இருக்காது. அந்தக் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்து எழுத்தாக்கிக்கொள்ளலாம். பிழைகள் இருக்கும், மூலத்தோடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டக் கூடாது.

எஸ்.பி.எல். (வேதாகம ஆய்வுத் துறையின் நடை), சிகாகோ, ஏ.பி.ஏ. (சமூக அறிவியலின் நடை) என்ற மூன்று மேற்கோள் நடைகளும் கிடைக்கின்றன. இந்தத் துறை இறையியலுக்கும் சமூக அறிவியலுக்கும் நடுவில் நிற்பதால் பாதி வழியில் நடையை மாற்றச் சொல்வது சகஜம். வேர்டு செருகுநிரல் வழியாகப் போட்ட மேற்கோள்கள் எல்லாம் ஒரே அமைப்பில் மாறும், கையால் தட்டியவை அப்படியே நிற்கும். ஆனால் ஓர் ஆவணத்துக்கு ஒரு மொழிதான். ஆங்கில ஆய்வேட்டில் தமிழ் நூலுக்குப் பக்கத்திலும் 'பதிப்பாசிரியர்' என்பது ஆங்கிலச் சுருக்கமாகவே வரும். இது உண்மையான குறை. ஆய்வேடு முடிந்து, மேற்கோள்களுக்கும் ஜோட்டெரோவுக்கும் உள்ள இணைப்பைத் துண்டித்த பிறகு, கடைசிப் பிரதியில் மட்டும் கையால் திருத்தலாம். துண்டிக்கும் முன் ஒரு நகல் எடுத்துவையுங்கள். வேத வசனங்களைப் பதிவாக்க வேண்டாம், உரையிலேயே அடைப்புக்குறிக்குள் எழுதினால் போதும். எந்த மொழிபெயர்ப்பு என்பதை ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

நேர்காணல் என்ற பதிவு வகையும் உண்டு. வெளியான நேர்காணல்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். துக்கத்தில் இருந்த ஒரு விதவை சொன்னதை, பெயரோடு, இணையத்தில் ஒத்திசையும் நூலகத்தில் வைப்பது அவருக்கு நாம் கொடுத்த வாக்கை மீறுவது. எழுத்துப்படி பூட்டிய கோப்பில் தனியாக இருக்கட்டும், பெயருக்குப் பதில் போட்ட குறியீட்டின் பட்டியல் வேறோர் இடத்தில் இருக்கட்டும். நெறியாளரோடு குழு நூலகம் பகிர்ந்திருந்தால் இது இன்னும் அவசியம்.

நூல் விவரங்களை ஒத்திசைக்கக் கட்டணம் இல்லை. கோப்புகளுக்கு 300 எம்.பி. இலவசம். ஸ்கேன் நூல்கள் பத்து இருபது ஏறியதும் அது நிரம்பிவிடும். 2 ஜி.பி.க்கு ஆண்டுக்கு 20 டாலர். செலவு வேண்டாம் என்றால் கோப்பு ஒத்திசைவை நிறுத்திவிட்டு வாரம் ஒருமுறை ஜோட்டெரோவை மூடி, அதன் தரவுக் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் நகலெடுங்கள். அந்தக் கோப்புறையைக் கூகுள் டிரைவுக்குள்ளோ டிராப்பாக்ஸுக்குள்ளோ வைத்து வேலை செய்யாதீர்கள். மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்று அதை இழுத்தால் தரவுத்தளம் கெட்டுப்போகும்.