மின்னூலுக்குப் பூட்டு வேண்டுமா? அடோபி, எல்சிபி, வாட்டர்மார்க், வெறும் ஈபப்

மைக்ரோசாஃப்ட் 2019 ஏப்ரலில் தன் மின்னூல் கடையை மூடியது. ஜூலையில், காசு கொடுத்து வாங்கியவர்களின் புத்தகங்களும் திறக்காமல் போயின. பணம் திரும்பக் கிடைத்தது; ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். சாவி கடைக்காரரின் சர்வரில் இருந்தால் இதுதான் கதி. சொந்தமாக ஈபப் (மின்னூல் கோப்பு வடிவம்) விற்க நினைக்கும் சிறு பதிப்பகம் பூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அடோபி முறையில் வாசகருக்கு முதலில் வருவது ஏசிஎஸ்எம் என்ற சின்னக் கோப்பு. அதற்குள் நூல் இருக்காது, நூலை இறக்குவதற்கான வெறும் டோக்கன்தான். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸில் திறந்தால் நூல் இறங்கி அடோபி ஐடியோடு பூட்டிக்கொள்ளும். லினக்ஸுக்கு அந்தச் செயலி கிடையாது. அதன் 4ஆம் பதிப்பு, யார் எந்தப் பக்கம் படித்தார்கள் என்பதை மறையாக்கம்கூட இல்லாமல் சர்வருக்கு அனுப்பியது 2014இல் அம்பலமானது. புதிதாகத் தொடங்குபவர் இந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

எல்சிபி என்ற இன்னொரு பூட்டு முறை எவ்வளவோ மேல். நூல் ஒரே ஒருமுறை ஏஇஎஸ்-256 என்ற மறையாக்க முறையில் பூட்டப்படும். ஒவ்வொரு வாசகருக்கும் தனி உரிமக் கோப்பு. அதில் கடவுச்சொற்றொடரால் பூட்டிய சாவியும், இரவல் நூலானால் முடிவுத் தேதியும் இருக்கும். இறக்கிய பிறகு இணையம் தேவையில்லை. முடிவுத் தேதி இல்லாத உரிமமானால், பதிப்பகம் மூடிய பிறகும் கையில் உள்ள நூல் திறக்கும்.

ஆனால் கட்டற்ற மென்பொருள்காரர்கள் இதையும் ஏற்பதில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்சிபி நூல்களைப் படிக்கும் தோரியம் ரீடரின் மூலநிரல் திறந்ததுதான். ஆனால் அதை நீங்களே கம்பைல் செய்து செயலியாக்கினால் கடையில் வாங்கிய எல்சிபி நூல் திறக்காது. கடவுச்சொற்றொடரின் ஹாஷை (அதிலிருந்து கணித்தெடுக்கும் குறியீட்டை) இன்னொரு ரகசியக் கணக்கீட்டில் போட்டெடுக்கும் மூடிய லைப்ரரி ஒன்று அதற்கு வேண்டும். அது எல்சிபியை நிர்வகிக்கும், பாரிஸில் உள்ள ஈடிஆர்லேப் அமைப்பு ஒப்பந்தத்தின் பேரில் கொடுப்பது. ஏன் இந்த ரகசியம்? கோப்பும் கடவுச்சொல்லும் ஏற்கெனவே வாசகர் கையில். அந்தக் கணக்கீடும் வெளியே தெரிந்தால் சின்னப் பைத்தான் நிரலே பூட்டைக் கழற்றிவிடும். முழுக்கத் திறந்த மூலநிரலில் டிஆர்எம் எனப்படும் இந்த வகைப் பூட்டு நிற்காது என்பது கொள்கைப் பிடிவாதமல்ல, அதன் கட்டமைப்பே அப்படி. 2007இல் வந்த ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம் டிஆர்எம் எழுதுவதைத் தடுக்கவில்லை. எழுதிய பூட்டை யாராவது உடைத்தால் சட்டத்தைக் காட்டி மிரட்டும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறது. (இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமை மீறும் நோக்கத்தோடு உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. அமெரிக்கச் சட்டம் இவ்வளவு தாராளமில்லை.)

வாட்டர்மார்க்கில் பூட்டே இல்லை. வாங்கியவரின் அடையாளம் நூலுக்குள் இருக்கும். ஈபப் என்பது ஒரு ஜிப் கோப்பு. அதைப் பிரித்து, முதல் பக்கத்தில் ஆர்டர் எண்ணையும், சில அத்தியாயங்களின் எக்ஸ்எச்டிஎம்எல் கோப்பில் மறைவாக அதே எண்ணையும் போட்டு மறுபடி ஜிப் செய்ய வேண்டும். கைபேசி எண்ணைப் போடாதீர்கள். நூல் கசிந்தால் அதுவும் சேர்ந்து கசியும். இரண்டு இடங்களில் சறுக்கும். ஜிப்புக்குள் மைம்டைப் என்ற கோப்பு முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும்; தவறினால் ஈபப்செக் என்ற சோதனைக் கருவி பிழை காட்டும். நூலின் விவரங்கள் அடங்கிய ஓபிஎஃப் கோப்பில் உள்ள நூல் அடையாள எண்ணை ஆளுக்கு ஆள் மாற்றவும் கூடாது. எழுத்துருவை மறைத்துப் பொதித்திருந்தால் அதன் முதல் 1040 பைட்டுகளை அந்த எண்ணை வைத்துத்தான் குழப்பியிருப்பார்கள். எண் மாறினால் எழுத்துரு ஏறாது. தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

எதுவும் போடாமல் விற்பதும் ஒரு வழி. அறிவியல் புனைவு வெளியிடும் அமெரிக்காவின் டோர் பதிப்பகம் 2012இலிருந்து அப்படித்தான் விற்கிறது. ஓராண்டு கழித்து அதன் பிரிட்டன் கிளை, திருட்டுப் பதிப்பு கூடியதாகத் தெரியவில்லை என்றது.

நூலகம் இரவல் கொடுக்க எல்சிபி சரி. தேதி முடிந்தால் நூல் மூட வேண்டிய இடம் அது ஒன்றுதான். விற்பனைக்கு வாட்டர்மார்க் போதும். கடையைத் திறக்குமுன் ஒரே நூலை இரண்டு பெயரில் வாங்கி, இரண்டையும் பிரித்து டிஃப் (வித்தியாசம் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். மறைத்த எண் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். கூட்டுச் சேர்ந்து கழற்றும் இரண்டு பேரிடம் இது செல்லாது.